பனிச்சரிவுல எது காப்பாத்தும்? ஏர்பேக்கா, நாம எடுக்கிற முடிவா?

ஸ்னோமொபைல (பனிமேல ஓட்டுற மோட்டார் வண்டி) எடுத்துட்டு ட்ரெயில விட்டு மலைக்குள்ள போக ஆரம்பிச்ச யாருக்கும் முதல் சீசன்லயே இந்த கேள்வி வந்துடும். கையில இருக்கிற காசுக்கு முதுகுல மாட்டிக்கிட்டு பனிச்சரிவு வந்தா பலூன் மாதிரி விரிய வைக்கிற ஏர்பேக் பை வாங்குறதா, இல்ல அதே காசுல பனிச்சரிவு கோர்ஸ் ஒண்ணு முடிச்சுட்டு நம்ம புத்தியை நம்பி ஓட்டுறதா? ரெண்டு பக்கமும் உறுதியா பேசுற ஆளுங்க இருக்காங்க. எனக்கு ரெண்டும் வேணும், ஆனா சமமா இல்ல, ஏன்னு சொல்றேன்.

முதல்ல ஏர்பேக். ஜல்லியும் மணலும் கலந்த வாளியை குலுக்கினா பெரிய கல்லு மேல வந்துடும், மணல் அடியில போயிடும் இல்லையா, ஓடுற பனியிலயும் அதே கதைதான். கைப்பிடிய இழுத்தா சில நொடியில 150 லிட்டர் பக்கம் காத்து நிரம்பி, நம்ம உடம்பு சுத்தி இருக்கிற பனிக்கட்டிகள விட பெரிய உருண்டையா ஆயிடுது, அதனால மேல தங்குறோம். மிதக்குறதுன்னு சொல்றாங்க, உண்மையில மிதப்பு இல்ல, பெருசு மேல வர்ற கணக்குதான். இத ஏன் இவ்வளவு இழுத்து சொல்றேன்னா, இந்த கணக்கு நடக்கணும்னா பனி கொஞ்ச தூரம் ஓடணும். சரிவோட மேல்பாதியில மாட்டினா ஓட இடம் இருக்கு. கீழ அடிவாரத்துல வண்டிய நிறுத்திட்டு நண்பன் ஏறுறத வேடிக்கை பாக்குறப்ப மேல இருந்து வந்து விழுந்தா, அது வந்த இடத்துலயே நின்னு குவிஞ்சிடும், பை விரிஞ்சிருந்தாலும் மேல வர நேரமே இருக்காது. ஓடைப் பள்ளம், குழி மாதிரி இடத்துலயும் இதேதான், பனி அகலமா பரவாம ஆழமா குவியும்.

எண்ணிக்கையா பாத்தா, 2014ல பல நாட்டு விபத்துகள சேத்து அலசின ஒரு ஆய்வு இருக்கு. பெரிய அளவுல மாட்டினவங்கள்ல பை விரியாதவங்க 100க்கு 22 பேர் செத்திருக்காங்க, விரிஞ்சவங்க 11 பேர். பாதியா குறையுது, சாதாரண விஷயம் இல்ல. ஆனா அதே ஆய்வுலதான் இன்னொண்ணும் இருக்கு, போட்டிருந்த பைகள்ல அஞ்சுல ஒண்ணு விரியவே இல்ல, அதுலயும் பெரும்பாலும் காரணம் மெஷின் இல்ல, ஆள் இழுக்கல. அதையும் கணக்குல எடுத்தா 22ங்கிறது 13 பக்கம்தான் வருது. அந்த 13 பேரும் பை மாட்டிட்டு போனவங்க, அத மறக்கக்கூடாது.

ஸ்கீ பண்றவங்கள விட நம்ம ஸ்னோமொபைல் ஆளுங்களுக்கு இந்த இழுக்கிற விஷயம் இன்னும் கஷ்டம். வலது கட்டைவிரல் த்ராட்டில்ல (ஆக்சிலரேட்டர்), இடது கை பிரேக்குல, ரெண்டு கையும் ஹேண்டில்பார விட மனசு வராது. பனி உடையுறத பாத்த உடனே தோணுறது த்ராட்டில அழுத்தி ஓடிடலாம்னுதான். ஓடணும்தான், ஆனா முதல்ல இழுத்துட்டு அப்புறம் ஓடு, ஓடி தப்பிச்சிட்டா பைய நிரப்புற காத்து சிலிண்டர் ஒண்ணு வீண், அவ்வளவுதானே. இடது கையால இழுக்க வசதியா கைப்பிடிய வச்சுக்கிட்டா வலது கைக்கு த்ராட்டில விட வேண்டிய அவசியம் இல்ல. நான் தடிச்ச க்ளவ்ஸ் போட்டு கண்ண மூடி இழுத்துப் பாத்தப்ப முதல் மூணு தடவை என் கை கைப்பிடிய தேடிக்கிட்டு இருந்துச்சு, வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டே இந்த நிலைமைன்னா மலையில என்ன ஆகும்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அப்புறம் காலுக்கு நடுவுல வர்ற ஸ்ட்ராப்ப மாட்டாம ஓட்டுறவங்க நிறைய பேர், அது இல்லாம பை விரிஞ்சா பை மட்டும் தலைக்கு மேல உருவிட்டு போயிடும், ஆள் கீழ.

பையில காத்து நிரப்ப சிலிண்டரா ஃபேனான்னு கேப்பாங்க. சிலிண்டர் சிம்பிள், எடை குறைவு, ஒரு இழுப்புதான், திரும்ப நிரப்பணும் இல்ல மாத்தணும், அதனாலயே பலர் ப்ராக்டிஸுக்கு இழுக்க யோசிக்கிறாங்க. ஃபேன் வச்ச எலெக்ட்ரிக் பைய வீட்டுல எத்தனை தடவை வேணா இழுத்து பழகலாம், என் கண்ணுக்கு அதோட பெரிய லாபமே அதுதான். பேட்டரின்னா குளிர்ல பலம் இறங்கும், பேட்டரிக்கு பதிலா மின்சாரத்த தேக்கி வைக்கிற சூப்பர்கெபாசிட்டர் வச்சது குளிர பரவாயில்லாம தாங்குது. பைக்கு பதிலா வெஸ்ட் மாடல் நெஞ்சுக்கும் முதுகுக்கும் கொஞ்சம் அடி தாங்கும், ஆனா சாமான் வைக்க இடம் கம்மி. எது வாங்கினாலும் சரி, பனிய தோண்டுற ஷவலும், புதைஞ்ச ஆள குத்தித் தேடுற நீளக் கம்பியான ப்ரோபும் வண்டியில கட்டி வைக்காம உடம்புல இருக்கணும், வண்டி பனிக்குள்ள போயிட்டா அதுவும் சேந்து போயிடும்.

இப்ப இன்னொரு பக்கம், நம்ம முடிவு. பனிச்சரிவுல சாகுறவங்கள்ல பத்துல ஒன்பது பேருக்கு அந்த சரிவ கிளப்பி விட்டது அவங்களோ அவங்க கூட வந்தவங்களோதான். அதாவது அந்த இடத்துக்கு அந்த நேரத்துல போகலன்னா நடந்திருக்காது. ஏர்பேக் இந்த பக்கத்தை தொடவே தொடாது. அதோட அடிபட்டு சாகுறவங்களும் இருக்காங்க, கனடாவுல செத்தவங்கள எடுத்து பாத்த ஆய்வுல நாலுல ஒருத்தர் பக்கம் மரம், பாறைன்னு மோதுறது மாதிரி அடிபட்டுத்தான் செத்திருக்காங்க. அங்க பை விரிஞ்சாலும் பெருசா உதவாது.

முடிவுன்னா ஏதோ அனுபவசாலியோட உள்ளுணர்வுன்னு நினைச்சுக்காதீங்க, அது பூரா பழகிக்கிற வேலை. காலையில அந்த ஏரியாவோட பனிச்சரிவு அறிக்கைய படிக்கிறது, ஆபத்து அளவு 5ல 3ன்னு போட்டிருந்தா அத நடுத்தரம்னு எடுத்துக்காம இருக்கிறது (3லதான் நிறைய பேர் சாகுறாங்க, 4, 5 போட்டா ஆளுங்க பயந்து ஒதுங்கிடுறாங்க), சரிவு எத்தனை டிகிரின்னு அளந்து பாக்கிறது. 30 டிகிரிக்கு கீழ இருந்தா, மேல செங்குத்தான எதுவும் தொங்கலன்னா, பெரும்பாலும் நிம்மதியா ஓட்டலாம். 35லருந்து 40க்குள்ளதான் ரொம்ப மோசம், ஹைமார்க்கிங் (சரிவுல யாரு அதிக உயரம் வண்டிய ஏத்துறாங்கன்னு பாக்கிறது) பண்ண ஆசையா கூப்பிடுறதும் அதே கோணம்தான். பனிக்கு அடியில பலவீனமான படலம் புதைஞ்சிருந்தா வாரக்கணக்கா அப்படியே காத்துக்கிட்டு இருக்கும், மேல பாக்க வெயில் அடிச்சு அழகா இருக்கும்.

நம்ம வண்டியால வர்ற தனி பிரச்சனை ஒண்ணு இருக்கு. நடந்து போறவனுக்கு காலுக்கு கீழ பனி 'வும்ப்'னு இறங்குற சத்தம் கேக்கும், விரிசல் ஓடுறது தெரியும். நமக்கு என்ஜின் சத்தமும் ஹெல்மெட்டும் எல்லாத்தையும் மறைச்சிடுது, அதோட அவன் ஒரு நாள்ல ஏறுற ஒண்ணு ரெண்டு சரிவ நாம அரை மணி நேரத்துல இருபது தடவை கடந்துடுறோம். அதனால அப்பப்ப நிறுத்தி, இறங்கி, காலால மிதிச்சு பாக்கணும், சின்ன மேட்ட வெட்டி பாக்கணும். யாரும் செய்ய மாட்டேங்கிறாங்க, அதுதான் எனக்கு மனசு கேக்கல.

ஆனா புத்தியும் தோக்கும், அத மறைக்க கூடாது. 2008 டிசம்பர்ல கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல ஹார்வி பாஸ்ங்கிற இடத்துல 8 ஸ்னோமொபைல் ஆளுங்க செத்துட்டாங்க, முதல் சரிவுல புதைஞ்சவங்கள தோண்டிக்கிட்டு இருந்தவங்க மேல அடுத்த சரிவு வந்துச்சு. நண்பன் உள்ள இருக்கான்னு தெரிஞ்சா யாரு நின்னு யோசிப்பாங்க? 2010 மார்ச்ல அதே மாகாணத்துல ரெவல்ஸ்டோக் ஊர் பக்கம் போல்டர் மலையில வேடிக்கை பாக்க கூடின கூட்டத்துமேலயே சரிவு வந்து 2 பேர் செத்தாங்க, எத்தனையோ பேருக்கு அடி. கூட்டம் நிக்குதுன்னா பத்திரமான இடம்னு மனசு தானா நம்பிடுது. தெரிஞ்ச இடம், ஏற்கனவே தடம் இருக்கு, முன்னாடி போறவருக்கு எல்லாம் தெரியும், இந்த மூணும் படிச்சவனையும் ஏமாத்தும். அப்படி ஏமாந்த நாளுக்குத்தான் ஏர்பேக்.

ஏர்பேக் மாட்டினா ஆள் துணிச்சலாயிடுவானாங்கிற பேச்சுல ரெண்டு பக்கமும் உண்மை இருக்கு, ஆளப் பொறுத்தது. நான் சரிவுக்கு கீழ நின்னு என்னையே கேக்கிறது ஒண்ணே ஒண்ணு, இன்னிக்கு இந்த பை இல்லன்னா இங்க ஏறுவேனா? ஏற மாட்டேன்னா வண்டிய திருப்பிடுவேன்.

காசு கொஞ்சம்தான் இருக்குன்னா என் வரிசை இதுதான்: முதல்ல ட்ரான்ஸீவர் (புதைஞ்ச ஆள் எங்க இருக்கார்னு சிக்னல் வச்சு தேட உதவுற கருவி), ப்ரோப், ஷவல், அதுவும் கூட வர்ற எல்லாருக்கும், ஏன்னா புதைஞ்ச ஆளுக்கு இருக்கிறது 10 நிமிஷம் பக்கம்தான், அதுக்கப்புறம் பிழைக்கிற வாய்ப்பு வேகமா கை நழுவும், வெளியிலருந்து மீட்புக்குழு வர்ற நேரம் இல்ல அது. அடுத்தது கோர்ஸ், கூட ஓட்டுறவங்களையும் இழுத்துட்டு போங்க, ஒருத்தன் மட்டும் படிச்சிட்டு வந்தா அவன் பேச்ச மத்தவங்க கேக்க மாட்டாங்க. மூணாவது ஏர்பேக், ஆனா அத காலாகாலத்துக்கும் தள்ளிப் போடாதீங்க, அடுத்த சீசனுக்குள்ள வாங்கிடுங்க.

வாங்கின அப்புறம் ஒரு விஷயம் குரூப்ல பேசி வச்சுக்கோங்க. ஒருத்தன் வண்டி சரிவு நடுவுல சிக்கிக்கிச்சுன்னா உதவிக்குன்னு அடுத்தவன் மேல ஏறக்கூடாது, சரிவுல ஒரு நேரத்துல ஒரு ஆள்தான். மத்தவங்க தள்ளி, மேல இருந்து எதுவும் வராத இடத்துல, வண்டிய வெளிய போற திசைய பாத்து நிறுத்திட்டு, என்ஜின ஆஃப் பண்ணிட்டு, அவன் மேலயே கண்ண வச்சிருக்கணும். எங்க குரூப்ல இதுக்கு சம்மதிக்காதவங்கள எவ்வளவு நல்ல பை போட்டிருந்தாலும் நாங்க கூட்டிட்டு போறதில்ல.