ஆறு வருடம் ஒரு பல்கலைக்கழக ஜிம்மில்: அபாயமணி அடித்த நாட்கள்

2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர்ந்தேன். அங்கே ரெக் சென்டருக்கான (ஜிம், நீச்சல்குளம், விளையாட்டு அரங்கம் எல்லாம் ஒரே கட்டடத்தில்) பணத்தைக் கல்விக் கட்டணத்தோடு சேர்த்தே பிடித்துவிடுவார்கள். கொடுத்த காசை எதற்கு விடுவானேன் என்று போக ஆரம்பித்தவன், 2024 மே மாதம் ஊரைக் காலி செய்யும்வரை வாரத்துக்கு நாலு நாளாவது போனேன். கருவிகள் எப்படி, கூட்டம் எப்போது குறையும் என்பதையெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏதாவது விபரீதம் நடந்தால் அந்தக் கட்டடம் என்ன செய்கிறது என்பதை மட்டும் நான் எழுதுகிறேன். ஐந்தாறு முறை நேரில் பார்த்த அனுபவம் உண்டு.

முதல் நாள் ஒரு நீண்ட ஒப்புதல் படிவத்தைக் கணினியில் காட்டினார்கள். கடகடவென்று கீழே தள்ளி, 'சம்மதம்' என்று அழுத்திவிட்டு உள்ளே போனேன். பயனாளருக்கு அவர்கள் தரும் பயிற்சி அவ்வளவுதான். ஊழியர்களுக்குத் தரும் பயிற்சி வேறு ரகம். அது அப்புறம் தெரிந்தது.

முதல் அனுபவம் 2019 ஜனவரியில். வெளியே மைனஸ் 15 டிகிரி. ஸ்குவாட் மூன்றாவது செட்டில் இருக்கும்போது தீ அபாயமணி அலறியது. சுற்றிப் பார்த்தேன், ஒருவரும் அசையவில்லை. நானும் அசையவில்லை. ஊழியர்களின் சிவப்பு டிஷர்ட் போட்ட ஒரு பையன் ஓடிவந்து, "பாரை வைங்க, வெளியே போங்க" என்றான். இன்னும் ஒரே ஒரு செட் என்று விரலைக் காட்டினேன். அவன் நகரவே இல்லை. பத்தொன்பது வயது இருக்கும், முகத்தில் சிரிப்பே கிடையாது. வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஜாக்கெட் லாக்கரில் இருந்தது, எடுக்க விடவில்லை. அரைக்கால் சட்டையோடு பனியில் நின்றேன். நீச்சல்குளத்திலிருந்து வந்தவர்கள் நிலைமை அதைவிட மோசம், தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆனால் அவர்கள் கதவைத் தாண்டும்போதே பளபளக்கும் வெள்ளித்தாள் போர்வையை ஆளுக்கொன்று போர்த்தி, பக்கத்துக் கட்டடத்து முன்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். குளிர்காலத்தில் மணி அடித்தால் ஈர உடம்போடு நாற்பது பேர் வெளியே வருவார்கள் என்று யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. கடைசியில் பார்த்தால், சானா என்ற சூட்டறையில் யாரோ ஈரத்துணியைக் காயப்போட்டிருக்கிறார்கள்.

சுழற்காற்று விஷயத்தில் எல்லாம் நேர்மாறு. தீ என்றால் வெளியே, டார்னடோ என்றால் உள்ளே, அதுவும் கீழே. இல்லினாயில் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குச் சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள். முதல் தடவை கேட்டபோது நான் பதறியதைப் பார்த்து அறைத்தோழன் சிரித்தே ஓய்ந்துவிட்டான். அப்புறம் பழகிவிட்டது, அந்தப் பழக்கம்தான் பிரச்சினை. ஒரு ஏப்ரல் சாயங்காலம், செவ்வாயும் இல்லை, பத்து மணியும் இல்லை, சைரன் ஊதியது. போனிலும் எச்சரிக்கை வந்தது. இந்தக் குறுஞ்செய்திகளுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1986ல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் கொல்லப்பட்ட ஜீன் கிளெரி என்ற மாணவியின் பெயரைத் தாங்கியது, 1990ல் வந்தது. வர்ஜீனியா டெக் துப்பாக்கிச்சூடு 2007ல் நடந்த பிறகு, 2008ல், ஆபத்தை உடனுக்குடன் அறிவித்தே ஆக வேண்டும் என்றும் சேர்த்தார்கள்.

அகலமான கூரையைத் தூணில்லாமல் தாங்கும் பாஸ்கெட்பால் அரங்கமும், கண்ணாடிச் சுவரோரம் வரிசையாக நிற்கும் டிரெட்மில்களும்தான் அந்தக் கட்டடத்தில் பலத்த காற்றுக்கு மிக மோசமான இடங்கள். அதனால் எல்லாரையும் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத லாக்கர் அறைகளுக்கு விரட்டினார்கள். டிரெட்மில்லில் இருந்த ஒருவர் மட்டும் மேகத்தைப் படம்பிடிக்கக் கண்ணாடியோரம் போனார். சிவப்பு டிஷர்ட் விடவில்லை. யோகா வகுப்பும் பாஸ்கெட்பால் கோஷ்டியும் நானுமாக நாற்பது நிமிடம் தரையில் உட்கார்ந்திருந்தோம். ஊருக்குள் ஒன்றும் வரவில்லை.

நீச்சல்குளத்தில் உயிர்காப்பாளரிடம் வாங்கிய விசில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் ஊர்க் கிணற்றில் தம் கட்டி முங்குநீச்சல் போடுவது பெரிய வீரம். அதே நினைப்பில் வேகவேகமாக நாலு மூச்சு இழுத்துவிட்டு, குளத்தின் முழு நீளத்தையும் தண்ணீருக்கடியிலேயே கடக்கப் பார்த்தேன். விசில் அடித்து மேலே கூப்பிட்டாள் அந்தப் பெண். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். விளக்கம் கேட்ட பிறகு வாயடைத்துப் போனேன். மூச்சு முட்டுகிற உணர்வைத் தூண்டுவது கரியமில வாயு. வேகமாக மூச்சு விட்டால் அது குறைந்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்தாலும் முட்டுவது தெரியாது, அப்படியே மயங்கிவிடுவோம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கே இது அதிகம் நடக்கும். கிணற்றில் எத்தனை முறை இப்படி விளையாடியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. இடி கேட்டால் உள்ளரங்கக் குளத்தையும் கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் மூடிவிடுவார்கள். அது கொஞ்சம் அதீதம் என்பது என் அபிப்பிராயம். கோடையில் ஒரு வாரம் முழுக்க நீந்தவே முடியாமல் போயிருக்கிறது.

2022 இலையுதிர்காலத்தில் நடந்ததுதான் முக்கியம். பேட்மின்டன் கோர்ட்டில் பக்கத்து ஆட்டத்தில் இருந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஷட்டிலை எடுக்கக் குனிந்தவர் அப்படியே விழுந்தார். முதலில் கால் இடறியது என்றுதான் நினைத்தோம். எங்களோடு ஆடும் மதுரை அண்ணன் ஒருவர், "தண்ணி தெளிங்கடா" என்றார். நான் அவசர எண் 911ஐ அழைத்தேன். எடுத்தவர் முதலில் கேட்டது முகவரி. நாலு வருடமாகத் தினமும் போகும் கட்டடம், 'ரெக்' என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எந்தத் தெரு, எந்த வாசல், எத்தனையாவது கோர்ட், எதுவும் தெரியாமல் விழித்தேன்.

அதற்குள் சிவப்பு டிஷர்ட்கள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒரு பெண் மண்டியிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள், வாய்விட்டு எண்ணியபடி. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் என்பது பிறகு நான் படித்தது. அன்றைக்குப் பார்க்க முரட்டுத்தனமாக இருந்தது. இன்னொருவன் சுவரிலிருந்த ஏஇடி (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி) பெட்டியை எடுத்துவந்து சட்டையைக் கத்தரித்தான். பெட்டிக்குள் துண்டும் சவரக்கத்தியும்கூட இருந்தன. வியர்வையும் முடியும் இருந்தால் கருவியின் பட்டை மார்பில் ஒட்டாதாம். கருவியே குரலில் சொல்கிறது, யாரும் தொடாதீர்கள் என்று. இதயத்தின் மின்துடிப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து, தேவை என்றால்தான் மின்னதிர்ச்சி தரச் சொல்லும். சும்மா மயங்கியவருக்குத் தராது. மூன்றாவது ஆள் நோயாளி பக்கமே வரவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. அவன் வாசலுக்கு ஓடி, ஆம்புலன்ஸ்காரர்களுக்காக லிஃப்டைத் திறந்தபடி பிடித்து நின்றான் என்பது பிறகு தெரிந்தது. ஒரே ஒரு அதிர்ச்சி. ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவர் கண் திறந்திருந்தது. ஐந்து மாதம் கழித்து வந்து, ஆடாமல், பெஞ்சில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்.

அழுத்தமும் அதிர்ச்சியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறையும் என்பார்கள். அன்றைக்கு என் திணறல் மட்டுமே அரை நிமிடம் தின்றிருக்கும். ரெக்கிலேயே நடக்கும் சிபிஆர் (நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவி) வகுப்பில் சேரலாம் என்று தள்ளிப்போட்டுப் போட்டு 2023 ஜனவரியில் கேட்டால் இடமில்லை. அந்த மாதம் 2ஆம் தேதி டாமார் ஹாம்லின் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் மைதானத்திலேயே இதயம் நின்று விழுந்ததை நாடே டிவியில் பார்த்திருந்தது. ஒரு மாதம் காத்திருந்து படித்தேன்.

நம் பையன்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பில்லுக்குப் பயந்து ஆம்புலன்ஸ் கூப்பிடாதே என்று பலர் சொல்வார்கள். பயம் நியாயம்தான், பில் பயங்கரம்தான். ஆனால் நினைவோடு இருப்பவர் வண்டியில் ஏற மறுக்கலாம், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். விழுந்து மூச்சில்லாமல் கிடப்பவருக்கு அந்தக் கணக்குப் போடும் உரிமை நமக்கில்லை. பெஞ்ச் பிரஸ்ஸில் தனியாக இருந்தால் பிளேட் நழுவாமல் பூட்டும் கிளிப்பைப் போடாதீர்கள், மாட்டிக்கொண்டால் சாய்த்துப் பிளேட்டை உதறலாம். அதைவிட நல்லது பாதுகாப்புக் கம்பிகளோடு ராக்கில் செய்வது.

குறை இல்லாமல் இல்லை. உயிர்காப்பாளர் தட்டுப்பாட்டில் 2021ல் குளத்தைப் பாதி நேரம் மூடினார்கள். ஆளில்லாமல் திறப்பதற்கு அது மேல் என்று பொறுத்துக்கொண்டேன். எடை தூக்கும் தளத்தில் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே ஒலிபெருக்கி அறிவிப்பு ஒரு சொல்லும் புரியாது. காதில் இயர்பட் வைத்தவனுக்கு மின்னும் விளக்கு மட்டும்தான். அடித்தளத்து ஸ்குவாஷ் கோர்ட்டில் போன் சிக்னல் கிடையாது. இந்த மூன்றையும், முகவரி விஷயத்தையும் சேர்த்துக் கருத்துப் பெட்டியில் எழுதிப்போட்டேன். எட்டு மாதம் கழித்து ஒவ்வொரு கோர்ட் கதவிலும் தெருப் பெயர், வாசல் எண், கோர்ட் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எடைத்தளத்தில் மணி அடித்தால் பாட்டு தானாக நிற்கும்படி செய்தார்கள். ஸ்குவாஷ் கோர்ட்டில் 2024 மே மாதம் கடைசியாக ஆடியபோதும் போனில் ஒரு கோடுகூட இல்லை. சுவரில் ஒரு தொலைபேசி மாட்டப்போவதாக ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாட்டுவதற்கான ஆணி மட்டும் அடித்திருந்தது.