மேடேக், வேர்ல்பூல், ஃப்ரிஜிடேர்: மீட்டெடுக்கத் தகுந்த பழைய வாஷிங் மெஷின் எது?

பழைய ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினைத் தேடுபவர்கள் பெரும்பாலும் முகப்பைப் பார்த்தே மயங்குகிறார்கள். குரோமியப் பட்டை, விளக்கு எரியும் கட்டுப்பாட்டுப் பலகை, வெளிர்மஞ்சளோ இளஞ்சிவப்போ பூசிய உடல் எல்லாம் அழகுதான் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் மீட்டெடுத்த மெஷின் பல ஆண்டுகள் உழைக்குமா, சில வாரங்களிலேயே தரையை நனைத்துவிட்டு நிற்குமா என்பதை முடிவு செய்வது டப்பின் அடியில் மறைந்திருக்கும் இயந்திர அமைப்பு. அது எந்த இடத்தில் பழுதாகும், பழுதான பாகம் கைக்கு எட்டுமா, மாற்றுப் பாகம் இன்றும் கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே வாங்க வேண்டும். அந்த அளவுகோலை வைத்து, 1940களின் பிற்பகுதி முதல் 1980கள் வரை அமெரிக்காவில் வந்த டாப் லோடு மெஷின்களில் முக்கியமான அமைப்புகளை இங்கே ஒப்பிடுகிறேன். 1937-இல் வெளிவந்த பெண்டிக்ஸ் இவற்றுக்கெல்லாம் மூத்தது என்றாலும், அது முன்புறம் திறக்கும் வகை. தரையோடு போல்ட் போட்டு இறுக்கினால்தான் ஆடாமல் நிற்கும். அன்றாடப் பயன்பாட்டுக்கு அதைப் பரிந்துரைக்க இயலாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

துவைப்பிலிருந்து பிழிதலுக்கு மெஷின் எவ்வாறு மாறுகிறது என்பதில்தான் இந்த அமைப்புகள் ஒன்றோடொன்று பெரிதும் வேறுபடுகின்றன. 1950களின் நடுப்பகுதியில் மேடேக் கொண்டுவந்த அமைப்பில் இதற்கென்று தனியாக மின்காந்தமோ நெம்புகோலோ கிடையாது. மோட்டார் ஒரு திசையில் ஓடினால், டப்பின் நடுவே துடுப்புகளோடு நிற்கும் அஜிடேட்டர் இப்படியும் அப்படியுமாகத் திரும்பித் துணியை அலசுகிறது. எதிர்த்திசையில் ஓடினால் டப் முழுவதும் சுழல்கிறது. பிளக்கை உருவிவிட்டு, மெஷினைப் பின்பக்கமாகச் சாய்த்து, அடியில் உள்ள பெரிய புல்லியைக் கையால் திருப்பிப் பார்த்தால் இதன் நுட்பம் விளங்கும். ஒரு பக்கம் திருப்பும்போது புல்லி எளிதாகச் சுற்றுகிறது, மேலே அஜிடேட்டர் அசையும் ஓசை கேட்கிறது. மறுபக்கம் திருப்பினால், புரிபோல அமைந்த சரிவில் புல்லி சற்றே மேலேறி, வலுவான ஸ்பிரிங்கை அழுத்தி, டப்பைப் பிடித்துக்கொண்டிருந்த பிரேக்கை விடுவிக்கிறது. அதன் பிறகு கையின் வேகத்துக்கு டப்பும் சேர்ந்தே நகரத் தொடங்குகிறது. மின்சாரம் நின்றதும் அதே ஸ்பிரிங் புல்லியைக் கீழே தள்ளி பிரேக்கை மீண்டும் பிடிக்க வைக்கிறது. இவ்வளவு குறைந்த பாகங்களைக் கொண்டு இவ்வளவு வேலையை முடித்த பொறியாளர்கள் மீது எனக்கு இன்றும் பெரும் மதிப்பு உண்டு.

வேர்ல்பூலின் பெல்ட் அமைப்பு வேறு வழியில் போகிறது. சியர்ஸ் கடைகளில் கென்மோர் என்ற பெயரில் விற்கப்பட்டதும் இதே அமைப்புதான். 1940களின் பிற்பகுதியில் தொடங்கி 1980களின் பிற்பகுதி வரை இது நீடித்தது. இங்கே மோட்டார் எப்போதும் ஒரே திசையில்தான் ஓடுகிறது. துவைப்பதா, பிழிவதா என்பதை விக்-வேக் எனப்படும் சிறு தொகுதியில் உள்ள இரண்டு மின்காந்தச் சுருள்கள் தீர்மானிக்கின்றன. அந்தத் தொகுதி துவைக்கும் நேரம் முழுவதும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருப்பதால், அதற்குச் செல்லும் மின்கம்பி நாளடைவில் உறைக்குள்ளேயே அறுந்துபோவது இந்த மெஷின்களின் தனி நோய். வெளியிலிருந்து பார்த்தால் கம்பி நன்றாகவே தெரியும். மல்ட்டிமீட்டரை வைத்து, கம்பியை மெல்ல வளைத்துக்கொண்டே சோதித்தால்தான் அறுபட்ட இடம் பிடிபடும். துவைக்கிறது, பிழியவில்லை என்றாலோ, பிழிகிறது, துவைக்கவில்லை என்றாலோ கியர் பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன்னால் இந்தக் கம்பியைப் பார்த்துவிட வேண்டும்.

பெல்ட் மாற்றும் வேலையில் இரண்டுக்கும் உள்ள தூரம் மிக அதிகம். மேடேக்கில் மோட்டார், உருளைகள் மீது நகரும் ஒரு சிறிய தட்டில் ஸ்பிரிங்குகளின் இழுவிசையோடு அமர்ந்திருக்கிறது. அதைக் கையால் நகர்த்தினாலே பம்ப் பெல்ட், டிரைவ் பெல்ட் இரண்டையும் கழற்றி மாற்றிவிடலாம். ஆனால் அங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. நீரில் ஊறிய துணியோடு கனத்து நிற்கும் டப்பைச் சுழற்றத் தொடங்கும்போது, மோட்டார் சற்று நகர்ந்து கொடுத்து, பெல்ட் கொஞ்சம் வழுக்கி, படிப்படியாக வேகம் கூட வேண்டும் என்பதே இதன் வடிவமைப்பு. கிளட்ச் செய்ய வேண்டிய வேலையை இங்கே பெல்ட்டே செய்கிறது. எனவே அளவு பொருந்துகிறது என்று வாகன உதிரிபாகக் கடையில் கிடைக்கும் இறுக்கமான பெல்ட்டை மாட்டினால் மோட்டார் திணறிச் சூடேறும். உருளைகளைத் துடைத்து கிரீஸ் வைத்து, இதற்கென்றே செய்த பெல்ட்டைத்தான் போட வேண்டும். வேர்ல்பூலில் பெல்ட்டை மாற்றுவதற்குத் தாங்கு கம்பியைத் தளர்த்தி, கிளட்ச், பம்ப் ஆகியவற்றின் இடையே பெல்ட்டை நுழைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. முதன்முறை செய்பவருக்கு ஒரு பிற்பகல் முழுவதும் போய்விடும். அதற்கு ஈடாக, தனிக் கிளட்ச் இருப்பதால் பெல்ட்டின் மீது விழும் சுமை குறைகிறது. ஒரு முறை சரியாகப் போட்டால் நீண்ட காலம் தொட வேண்டியதில்லை.

பெல்ட்டே வேண்டாம் என்று முடிவு செய்து 1980களின் தொடக்கத்தில் அதே வேர்ல்பூல் கொண்டுவந்தது டைரக்ட் டிரைவ் அமைப்பு. மோட்டாரும் கியர் பாக்ஸும் நேருக்கு நேர் நிற்க, இரண்டையும் இணைப்பது நடுவில் ரப்பர் வைத்த ஒரு சிறிய பிளாஸ்டிக் கப்ளர் மட்டுமே. சுமை மிகும்போது கியர் பாக்ஸ் பாதிக்கப்படுவதற்கு முன் இந்த மலிவான கப்ளர் உடைந்துவிடுகிறது. பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, விலையுயர்ந்த பாகத்தைக் காக்கும் இந்த ஏற்பாடு நியாயமானதே. வெளிக்கூடு முழுவதையும் ஒரே துண்டாகக் கழற்றி ஒதுக்கி வைத்துவிடலாம். பம்ப் இரண்டு கிளிப்புகளில் நிற்கிறது. அதை எடுத்தால் மோட்டார் வந்துவிடும். பழுதுபார்ப்பவரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட மெஷின் என்று இதைத்தான் சொல்வேன். பழைமையின் கவர்ச்சி இதில் குறைவு என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் அதன் முதல் மாடல்களுக்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது.

ஃப்ரிஜிடேர் மெஷின்களைப் பற்றிச் சற்று வேறு மனநிலையோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்த காலத்தில் வந்த இந்த மெஷின்களில் அஜிடேட்டர் பக்கவாட்டில் திரும்பாமல் மேலும் கீழுமாகக் குதிக்கிறது. துணி நீரின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டு, சுழன்று, மீண்டும் மேலே வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். 1947-இல் அறிமுகமான யூனிமேட்டிக் நிமிடத்துக்கு 1,100-க்கும் அதிகமான சுற்று வேகத்தில் பிழிந்தது. மேடேக்கின் வேகம் சுமார் 600, வேர்ல்பூல் பெல்ட் மெஷினின் வேகம் சுமார் 500, டைரக்ட் டிரைவின் வேகம் சுமார் 640 என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பது தெரியும். துணி ஏறத்தாழ ஈரம் உலர்ந்தே வெளியே வரும். ஆனால் இயந்திரப் பகுதி முழுவதும் எண்ணெய் நிரம்பிய மூடிய உறைக்குள் இருக்கிறது. அச்சைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்து, சோப்பு நீர் அந்த எண்ணெயில் கலந்தால், உள்ளே பேரிங் முதல் கியர் வரை எல்லாமே அரித்துவிடும். 1979-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தப் பிரிவை விற்ற பிறகு இந்த வடிவமைப்புக்கே முற்றுப்புள்ளி விழுந்தது. எனவே சீல்களும் பேரிங்குகளும் தற்செயலாகக் கிடைத்தால்தான் உண்டு. பாகங்களுக்காகவே இன்னொரு மெஷினை வாங்கி வைத்திருப்பவர்கள் மட்டும் இதில் இறங்கலாம். என் விருப்பத்துக்கு உரிய மெஷின் இதுதான், ஆனால் முதல் மீட்டெடுப்புக்கு இதை ஒருவருக்கும் கைகாட்ட மாட்டேன்.

ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஃபில்டர்-ஃப்ளோ இவற்றுக்கு இடையில் நிற்கிறது. துவைக்கும் நீரைத் தொடர்ந்து மேலே ஏற்றி, அஜிடேட்டரின் தலையில் பொருத்திய வடிகட்டித் தட்டின் வழியே விழச் செய்வதால், துணியிலிருந்து உதிரும் பஞ்சு கண்ணெதிரே சேர்கிறது. உறுதியான மெஷின், மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் குட்டையான ரப்பர் இணைப்பு மட்டும் அடிக்கடி கிழியும்.

எந்த மாடலாக இருந்தாலும் விலை பேசுவதற்கு முன் டப்பின் மையத்துக்கு நேர் கீழே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மேடேக்கில் பிரேக் உறையின் மேல் துருக்கோடு இறங்கியிருந்தால் நடு சீல் போய்விட்டது என்று பொருள். பிழியும்போது உறுமல் கேட்டால் டப் பேரிங்கும் கூடவே போயிருக்கும். இரண்டையும் மாற்றுவதற்கான பாகங்கள் கிடைக்கின்றன, ஆனால் டப்பைப் பிடித்திருக்கும் பெரிய நட்டைக் கழற்றத் தனி ஸ்பேனர் வேண்டும். அது எந்தத் திசையில் திரும்பும் என்பதை அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் பார்க்காமல் சுத்தியலைத் தொடக் கூடாது. அதற்கும் முன்னால், பல ஆண்டு சோப்பு இறுகிப் பிடித்த அஜிடேட்டரைக் கழற்றியாக வேண்டும். நெம்பினால் எனாமல் பெயரும், பழைய பேக்கலைட் அஜிடேட்டராக இருந்தால் விண்டுபோகும். அது மூழ்கும்வரை நல்ல சூடான நீரை நிரப்பிச் சற்று நேரம் விட்டால், சோப்புப் படிவு இளகும், உள்ளே இருக்கும் உலோகத் தண்டைவிட அஜிடேட்டர் கூடுதலாக விரியும். பிறகு அகன்ற நாடாவை அடி விளிம்பில் இருபுறமும் கோத்து நேராக மேல்நோக்கி இழுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். மீட்டெடுப்பில் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான்.

மற்ற வேலைகள் எல்லா மெஷின்களுக்கும் பொது. விறைத்துப்போன ரப்பர் குழாய்களையும் உறை உதிரும் கம்பிகளையும் ஈவிரக்கமின்றி மாற்ற வேண்டும். உலோக உடலுக்கு எர்த் இணைப்பு இல்லாமல் நீரைத் திறக்கவே கூடாது. பழைய பிரேக் பட்டைகளிலும் கிளட்ச் பட்டைகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் அந்தத் தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத் துணியால் துடைத்து எடுப்பது நல்லது.

பயன்பாட்டுக்கு வரும்போது இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு குறை உண்டு: தண்ணீர். முழு டப் துவைத்து, முழு டப் அலசி முடிக்க 150 லிட்டர் வரை செலவாகும். இன்றைய முன்புறம் திறக்கும் மெஷின் அதே வேலையை 50, 60 லிட்டரில் முடித்துவிடும். அதற்கு மாறாகப் பழைய மெஷின் அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டுவதற்குள் துணியை வெளியே கொடுத்துவிடுகிறது, நிறைய நீரில் சோப்பு முழுவதும் கரைந்து போகிறது. தண்ணீர் தட்டுப்பாடு உள்ள வீட்டில் இதை நாள்தோறும் ஓட்டுவதை என்னால் ஆதரிக்க முடியாது. கம்பளி, போர்வை, அழுக்கேறிய வேலை உடைகள் ஆகியவற்றுக்கு மட்டும் ஒதுக்கலாம். சோப்பு விஷயத்தில், அந்தக் காலத்துத் தூள்களில் இருந்த பாஸ்பேட் இன்று பெரும்பாலும் இல்லாததால், கடின நீருள்ள இடங்களில் சலவைச் சோடாவைச் சிறிது சேர்த்துக்கொள்வது பலன் தரும். நுரையை மட்டும் மிகவிடக் கூடாது. உள் டப்புக்கும் வெளி டப்புக்கும் இடையில் நுரை அடைத்துக்கொண்டால் பிழியும் வேகமே வராது, அந்தப் பாரம் முழுவதும் பெல்ட்டின் மீதோ கப்ளரின் மீதோ விழும்.

அன்றாட உழைப்புக்கு எதை வாங்குவது என்று கேட்பவரிடம் மேடேக் என்றே சொல்வேன். நேரமும் கருவிகளும் குறைவாக உள்ளவருக்கு டைரக்ட் டிரைவ். ஆனால் மெஷின் ஓடப்போகும் நாட்டின் மின்சாரம் இந்தத் தேர்வை மாற்றக்கூடும். இவை அனைத்தும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்ட் குறையுமே தவிர ஹெர்ட்ஸ் மாறாது. மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும்; டைமரும் அதே விகிதத்தில் தாமதிப்பதால் பத்து நிமிடத் துவைப்பு பன்னிரண்டு நிமிடமாகும்; 120 வோல்ட்டையே கொடுத்தால் மோட்டார் கூடுதலாகச் சூடேறும், டிரான்ஸ்பார்மர் வெளியீட்டை 100 வோல்ட்டுக்கு அருகில் வைத்தால் அந்தச் சூடு தணியும். பெல்ட் மெஷினாக இருந்தால் மோட்டார் புல்லியை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகக் கடைந்து மாட்டி இழந்த வேகத்தைத் திரும்பப் பெறலாம். டைரக்ட் டிரைவில் மாற்றுவதற்குப் புல்லியே இல்லை. 50 ஹெர்ட்ஸ் வீட்டில் அது கடைசி வரை மெதுவாகத்தான் பிழியும்.