எழுந்து போக ஆளில்லை: கோவை டிசைனர்கள் கூட்டம் எப்படி?

300 ரூபாய் கட்டணம், மதியம் அரிசி பருப்பு சாதம், பேச்சாளர் பட்டியல் கிடையாது. பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் போன ஞாயிற்றுக்கிழமை நடந்த யூஎக்ஸ் டிசைனர்களின், அதாவது ஆப், சாஃப்ட்வேர் கையாள எளிதாக இருக்கும்படி வடிவமைக்கிறவர்களின், அன்கான்ஃபரன்ஸுக்குப் போயிருந்தேன். பணத்துக்குத் தகுமா என்று ஆபீஸில் கேட்கிறார்கள். தகும். ஆனால் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நூல் கடைகளுக்கும் ஸ்பின்னிங் மில்களுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் போடும் சின்னக் கம்பெனியில் ஸ்கிரீன் வடிவமைப்பது என் வேலை. பெங்களூரு மாநாட்டுக்கு டிக்கெட், பஸ், ரூம் என்று செலவு செய்து போனால் மேடையில் பேங்க் ஆப்பும் சாப்பாடு டெலிவரி ஆப்பும்தான் ஓடும். கேட்க நன்றாக இருக்கும். கவுன்ட்டரில் நின்றுகொண்டே 30ஆம் நம்பர் நூலுக்கு லாட் நம்பர் தேடுகிற குமாஸ்தாவுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

இந்த மாதிரிக் கூட்டத்துக்குப் போகாதவர்களுக்காக: காலையில் சுவரில் வெறும் கட்டங்கள்தான் இருக்கும். யாருக்கு எதைப் பேச வேண்டுமோ அதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டினால் அறையும் நேரமும் முடிவு. மாநாடுகளில் உருப்படியான பேச்செல்லாம் காபி இடைவேளையில்தான் நடக்கிறது என்று கண்டு ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் 1985இல் இந்த முறையை ஓப்பன் ஸ்பேஸ் என்ற பெயரில் தொடங்கினார். அழைப்பு வந்தவர்கள் மட்டுமே போக முடிந்த ஃபூ கேம்ப் என்ற தொழில்நுட்பக் கூட்டத்துக்கு எதிர்ப்பாட்டாக, யாரும் வரலாம் என்று 2005இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் பார்கேம்ப் பிறந்தது. மறு வருஷமே சென்னைக்கும் வந்துவிட்டது. தகவலைத் தேடி எடுக்க வசதியாக அடுக்கும் தகவல் கட்டமைப்பு ஆட்களும் யூஎக்ஸ் ஆட்களும் தங்களுக்கென்று சியாட்டிலில் 2007இல் இன்ஃபோகேம்ப், பெர்லினில் 2009இல் யூஎக்ஸ்கேம்ப் என்று ஆரம்பித்தார்கள். கோவையிலும் அதே அச்சுதான்.

முதல் நேரத்திலேயே காசு வசூலாகிவிட்டது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குள்ளேயே டிசைனராக இருக்கும் அக்கா ஒருவர். லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. பவர் டேபிள் என்கிற தையல் மெஷின் லைனில் மணிக்கொரு தரம் பீஸ் கணக்கு ஏற்றும் டேப்லெட்டை அட்டையில் வெட்டிக் கொண்டுவந்திருந்தார். கூடவே நிஜமான பனியன் கட்டு. அதை இடது கையில் அணைத்துப் பிடித்துக்கொண்டு வலது கைக் கட்டைவிரலால் மட்டும் சைஸ் வாரியாகக் கணக்குப் போடச் சொன்னார். போட்டுப் பார்த்தோம். யாருக்கும் முடியவில்லை. கட்டு நழுவுகிறது; விரல் டிராப்டவுனை, அதாவது தொட்டால் கீழே விரியும் பட்டியலைத் திறக்கிறது, வேறு சைஸில் போய் விழுகிறது.

"டிராப்டவுனத் தெறக்கறதுக்கு ரெண்டு கை வேணுமுங்க. சூப்பர்வைசருக்கு ஒரு கைதான் மிச்சம்" என்றார்.

பட்டியலைத் தூக்கிவிட்டு, கட்டிங்கிலிருந்து வரும் கட்டுச் சீட்டில் எந்த வரிசையில் சைஸ் இருக்கிறதோ அதே வரிசையில் பெரிய கட்டங்களாக வைத்திருக்கிறார். பஞ்சுத் தூசி படிந்த கண்ணாடியில் லேசாகத் தொட்டால் எடுக்காது என்பதால் கட்டத்துக்குக் கட்டம் தாராளமாக இடைவெளி. இதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

அடுத்து, ஸ்கிரீனை ஆட்களிடம் கொடுத்துப் பரிசோதிக்க 5 பேர் போதும் என்ற, யூஎக்ஸ் நிபுணர் ஜேக்கப் நீல்சனின் 2000ஆம் வருஷக் கட்டுரையை ஒரு தம்பி எடுத்துப் பேசினார். 5 பேரிலேயே சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் வெளிவந்துவிடும் என்பது அதன் கணக்கு. உடனே பின்னாலிருந்து ஒருவர்: "எங்க லைன்ல தமிழ், இந்தி, ஒடியா மூணும் ஓடுதுங்ணா. எந்த அஞ்சு பேரு?" நல்ல சண்டை. பயன்படுத்துகிறவர்கள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிரிவாக இருந்தால் பிரிவுக்கு 3 பேர் வையுங்கள் என்று அதே கட்டுரையில் நீல்சன் எழுதியிருப்பதை யாரோ போனில் எடுத்துக் காட்டிய பிறகுதான் அடங்கியது.

இனி குறை. ஓப்பன் ஸ்பேஸில் இரண்டு கால் விதி என்று ஒன்று உண்டு: இருக்கிற இடத்தில் கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். மொத்த ஏற்பாடும் அந்தக் காலில்தான் நிற்கிறது. நம்மூரில் அது நொண்டுகிறது. பணி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் வண்ணக் கோட்பாட்டை ஆதியிலிருந்து தொடங்கினார். பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. என் பக்கத்திலிருந்த பெண், "எந்திரிச்சுப் போலாங்களா?" என்று கிசுகிசுத்தார். "உக்காருங்க, தப்பா நினைச்சுக்குவாரு" என்றேன். ஒருத்தரும் அசையவில்லை. அவரும் பாவம், இத்தனை பேர் உட்கார்ந்திருந்தால் நிறுத்த மனசு வருமா?

இந்த விதியைக் காலையில் இங்கிலீஷில் ஒரு தடவை படித்துவிட்டு விட்டால் போதாது. அமைப்பாளர்கள் 20ஆவது நிமிஷம் மணி அடித்து எல்லாரையும் எழுப்பிவிடட்டும். நின்ற பிறகு இடம் மாறுவதில் யாருக்கும் அவமரியாதை இல்லை. வரிசையாகப் போட்ட கிளாஸ்ரூம் பெஞ்சையும் வட்டமாகத் திருப்புங்கள். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நின்றால் அவரைத் தாண்டி யார் வெளியே போவது?

ஆள் எடுக்கும் கம்பெனி ஒன்று தலைப்பை மறைத்து விளம்பரம் ஓட்டியது. ஃபேன் காற்றில் சீட்டுகள் பறந்தன. சாதத்துக்கு நெய் தாராளம், ரசம் சுமார்.

மாணவர்கள் பெரும்பாலும் பின்பெஞ்சில் ஸ்லைடைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் தடவை வருகிறவர் கட்டாயம் பேச வேண்டும் என்பது பார்கேம்ப் விதிகளில் ஒன்று. இங்கே அதைச் சொல்லவே இல்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் ஈரோட்டுப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி ஒரு சீட்டு ஒட்டினான்: கோவைக்குப் புதிதாக வருகிறவருக்கு எந்த பஸ் ஸ்டாண்டு என்று எப்படித் தெரியும்? மதுரைக்குச் சிங்காநல்லூர், பொள்ளாச்சிக்கு உக்கடம், ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் ரோடு, சேலத்துக்குக் காந்திபுரம். ஊர்க்காரன் திசையை வைத்துச் சொல்லிவிடுவான். வெளியூர்க்காரன் கையில் ஊர்ப்பெயர் மட்டும்தான் இருக்கும். அறை நிரம்பி, டீ நேரமும் தாண்டிப் போனது.

ஸ்கிரீன் போடுகிறவர்கள், அதில் தினமும் மல்லுக்கட்டுகிற கணக்குப்பிள்ளைகள், சூப்பர்வைசர்கள் எல்லாரும் போகலாம். வேலை தேடித்தான் போகிறீர்கள் என்றால் 300 ரூபாய் வீண். வீட்டிலேயே சீட்டை எழுதி எடுத்துப் போங்கள். நல்ல கட்டங்களெல்லாம் பத்து மணிக்குள் தீர்ந்துவிடுகின்றன.