ஊதியம் வந்தது, படங்கள் வரவில்லை

ஆடை விளம்பரமொன்றுக்காக இந்த ஸ்டூடியோவில் ஒரு நாள் முழுவதும் மாடலாகப் பணியாற்றினேன். பேசிய தொகையை அன்று மாலையே கொடுத்துவிட்டார்கள். ஒளியமைப்பு, ஒப்பனை, உடை மாற்றும் அறை எதிலும் குறையில்லை. ஆனால் படங்களின் பிரதி கேட்டபோது, "அதுதான் பணம் கொடுத்துவிட்டோமே" என்று பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

பதிப்புரிமை பொதுவாக ஒளிப்படக் கலைஞரிடமோ அவரை அமர்த்திய நிறுவனத்திடமோ இருக்கும் என்பதையும், நான் கையெழுத்திட்ட மாடல் ரிலீஸ் படிவம் என் உருவத்தைப் பயன்படுத்த அனுமதி தருகிறதே தவிர எனக்குப் படம் தர அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் அறிவேன். ஊதியமின்றிப் படங்களுக்காகவே பணியாற்றும் ஏற்பாடு தனியாக இருக்கும்போது இரண்டையும் கேட்பது பேராசை என்பாரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்த வாய்ப்பைத் தேடிச் செல்லும் மாடலுக்குத் தன் சிறந்த படங்களின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவே முதல் சான்று. நான் ரா கோப்புகளை, அதாவது கேமரா பதிவு செய்த திருத்தப்படாத மூலக் கோப்புகளைக் கேட்கவில்லை. விளம்பரம் வெளியான பிறகு, திருத்தி முடித்த இரண்டு மூன்று ஜேபெக் படங்களைத்தான் கேட்டேன்.

மின்விசிறிக் காற்றில் பறந்த கூந்தல் ஒரு கண்ணை மட்டும் மறைத்திருந்த அந்தப் படத்தைக் கேமராவின் சிறு திரையில் ஒரு கணம் பார்த்தேன். என் வேலையில் மிகச் சிறந்தது அதுதான். அது என்னிடம் இல்லை.

இங்கே செல்பவர்கள் எத்தனை படங்கள், எந்த அளவில், எப்போது கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன்.