ஒரு பந்தா, ஒரு பெட்டி பந்தா?

மினி கோல்ஃப் என்றால் ஐஸ்கிரீம் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவே பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் போக்குகிற விஷயம் என்றுதான் நம்மில் பலரும் நினைப்போம். ஜெர்மனியில் இதற்கு கிளப் உண்டு, லீக் உண்டு, தேசிய சம்மேளனம் உண்டு. உலக சம்மேளனத்தின் போட்டிகளில் ஊக்கமருந்துச் சோதனைகூட உண்டு. வேலைக்காக இங்கே வந்து, வார இறுதியை எப்படிக் கழிப்பது என்று தேடப்போய் இதில் மாட்டிக்கொண்டவன் நான். போட்டி ஆடலாம் என்று முடிவானதும் அடுத்த கேள்வி வந்தது: எந்த வகைத் தளத்தில்?

எனக்கு முன்னால் இருந்தவை முக்கியமாக இரண்டு. ஒன்று எட்டர்னிட். 6.25 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம் கொண்ட சிமென்ட் பலகைத் தடங்கள். சுற்றிலும் இரும்பு விளிம்பு. எரிமலை, வளையம், பிரமிடு என்று தடங்களின் வடிவங்கள் வரையறுக்கப்பட்டவை, எந்த ஊருக்குப் போனாலும் அதே முகங்கள்தான். இன்னொன்று அட்வென்ச்சர் கோல்ஃப். செயற்கைப் புல், மேடு பள்ளம், பாறை, ஓடை. போட்டி வட்டாரத்தில் இதை எம்.ஓ.எஸ். (மினிகோல்ஃப் ஓபன் ஸ்டாண்டர்ட்) என்பார்கள். இதில் ஒரு தளம் போல இன்னொன்று இருக்காது. நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. காரணம் அழகும் இல்லை, ஓடையும் இல்லை. பந்து.

எட்டர்னிட் ஆட்டக்காரரின் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது முழுதாகப் புரியும். நுரைப் பஞ்சில் குழி குழியாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பந்து. விட்டம் 37 மில்லிமீட்டரிலிருந்து 43 வரை போகலாம். ஒன்று தரையில் விட்டால் களிமண் உருண்டை போல அப்படியே கிடக்கும்; பக்கத்தில் இருப்பது இடுப்புவரை துள்ளும். ஒவ்வொன்றுக்கும் எடை, கடினம், துள்ளும் உயரம் என்று அளவுகள் உண்டு. மேலே அரக்குப் பூசியது தனி, பூசாதது தனி. பழுத்த ஆட்டக்காரர்களிடம் இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும்.

இத்தனை எதற்கு? தடத்தின் விளிம்பில் பட்டுத் திரும்பும் கோணம் பந்துக்குப் பந்து மாறுகிறது. மின்னல் என்று ஒரு தடம் உண்டு. அதில் விளிம்பில் மோதி மோதித்தான் குழிக்குப் போக வேண்டும். கொஞ்சம் துள்ளல் கூடினாலே பந்து குழியை ஒரு விரற்கடையில் விட்டுப் போய்விடும். எரிமலையில் கதை வேறு. மேலேறி உச்சிக்குழியில் அடங்க வேண்டிய இடத்தில் துள்ளுகிற பந்து தாவிப் போய்விடும். ஆகவே ஒரு தளத்தில் 18 தடம் என்றால் ஏறக்குறைய அத்தனை பந்து. அடுத்த ஊரில் அதே எரிமலை இருந்தாலும் பலகையின் சாய்வு கொஞ்சம் வேறு, ஆகவே அங்கே வேறு பந்து.

இது வாங்கும் செலவு மட்டும். பராமரிப்பு அதற்கு மேல். ரப்பர் சூடேறினால் துள்ளும், குளிர்ந்தால் மந்தமாகும். காலையில் 12 டிகிரியில் சரியாகப் போன பந்து, மதியம் வெயிலேறியதும் வேறு பந்தாகிவிடுகிறது. அதனால் வெப்பம் தாங்கும் பை, உள்ளே குளிர்ப் பொதி, வெந்நீர்ப் பொதி. அடுத்த தடத்துக்கான பந்தைக் கால்சட்டைப் பையில் போட்டு, அடைகாக்கும் கோழி மாதிரி உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு நிற்கும் பெரியவர்களை எல்லாப் போட்டியிலும் பார்க்கலாம். அரக்கு ஒரு இடத்தில் உரிந்தால் போச்சு, அந்தப் பந்து பழைய வழியில் ஓடாது. உற்பத்தி நின்றுபோன வார்ப்பு என்றால் மாற்றும் கிடைக்காது. கிடைத்தாலும் வைத்திருப்பவர் சொல்வதுதான் விலை. புதுப் பந்தே பத்துப் பதினைந்து யூரோவுக்குக் குறைந்து கண்ணில் படுவது அரிது.

இருபதுகளில் இருப்பவருக்கு இது ஏன் கூடுதலாக உறைக்கிறது? இளையோர் பிரிவு 19 வயதோடு முடிகிறது. அதுவரை உங்களைப் போலவே கடன் பந்தில் ஆடும் பிள்ளைகளோடு மோதுவீர்கள். அப்புறம் பொதுப் பிரிவு. அங்கே எதிரில் நிற்பவர் முப்பது வருடமாக அதே தளத்தில் ஆடி, எந்தத் தடத்துக்கு எந்தப் பந்து, எத்தனை டிகிரியில் என்று நோட்டில் குறித்து வைத்திருப்பார். கை நடுக்கம் இல்லாத வயது என்ற உங்கள் ஒரே அனுகூலத்தை அந்த நோட்டு விழுங்கிவிடும். கிளப்பில் பொதுப் பெட்டி உண்டு, கேட்டால் தருவார்கள், நல்ல மனிதர்கள். ஆனால் வேலை மாறி வேறு ஊருக்குப் போனால் பெட்டி அங்கேயே நின்றுவிடும். வாடகை அறை, ஒப்பந்த வேலை என்று ஓடிக்கொண்டிருக்கிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அட்வென்ச்சரில் நான் ஆடிய போட்டிகளில் ஒரு சுற்றுக்கு ஒரே பந்து. எந்தப் பந்து என்று தொடங்கும்போது முடிவு செய்ய வேண்டும், அப்புறம் 18 தடத்துக்கும் அதுவே. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் 2003-இல் தொடங்கிய உலக கிரேஸி கோல்ஃப் (மினி கோல்ஃபுக்கு அங்கே அந்தப் பெயர்) போட்டி இன்னும் ஒரு படி மேலே: எல்லாருக்கும் ஒரே வகைச் சாதாரணப் பந்துதான். ஒரு மட்டை, ஒரு பந்து, முதுகுப்பை, ரயில் டிக்கெட். போய்ச் சேர்ந்தாயிற்று.

ஆட்டமும் வேறு குணம். எட்டர்னிட்டில் முதல் அடிதான் உயிர். பல தடங்களில் தடையைத் தாண்டாவிட்டால் மறுபடி தொடக்கத்திலிருந்துதான். ஆறாவது அடியிலும் குழி கிடைக்காவிட்டால் 7 என்று எழுதிக்கொண்டு நகர வேண்டும். மேல்மட்டத்தில் 18 தடத்தையும் 18 அடியில் முடித்தவர்களே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு அசைவை ஆயிரம் தரம் அச்சுப்பிசகாமல் செய்கிற பொறுமை வேண்டும். அட்வென்ச்சரில் நல்ல அடியும் குழியைத் தாண்டி ஒரு சரிவில் போய் நிற்கும். அங்கிருந்து ஒன்றரை மீட்டரை இறக்கத்தில் எப்படிப் போடுகிறீர்கள் என்பதில்தான் போட்டி. மழை தூறினாலும் ஆட்டம் போகும். எட்டர்னிட்டில் பலகை நனைந்தால் நிறுத்திவிட்டுத் துணியும் தள்ளுகட்டையுமாக இறங்க வேண்டியதுதான்.

இளம் வயதில் இதில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு செக் நாட்டு ஒலிவியா புரோகோபோவா இருக்கிறார். 2013-இல், இருபதைத் தொடுவதற்கு முன்பே, மினி கோல்ஃபின் யு.எஸ். ஓபன், யு.எஸ். மாஸ்டர்ஸ், ஹேஸ்டிங்ஸ் மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றார். சின்ன வயதிலிருந்தே முழுநேரமாக இதையே பயின்றவர், நம்மோடு ஒப்பிட முடியாது என்பதும் சரிதான். ஆனால் அனுபவசாலிகள் நிறைந்த களத்தில் ஒரு இளம்பெண் அதைச் செய்தார்.

குறைகளை மறைக்க மாட்டேன். ஜெர்மனியில் அட்வென்ச்சர் போட்டிகள் குறைவு. லீக் பெரும்பாலும் எட்டர்னிட்டும், பெட்டோன் என்கிற கான்கிரீட் தளமும்தான். ஆகவே பயணச் செலவு ஏறும்; பந்தில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி டிக்கெட்டுக்குப் போகிறது. வாராவாரம் கூடவே ஆடும் அணி கிடையாது. புல்விரிப்பு தேய்ந்தால் பழகிய வேகம் மாறிவிடும். அமெரிக்காவில் நார்த் மிர்ட்டில் பீச்சில், நெருப்புக் கக்கும் எரிமலையைச் சுற்றி மாஸ்டர்ஸ் நடக்கிறது, பரிசுப் பணமும் உண்டு. நான் போனதில்லை, விசா, விமானச் செலவைப் பார்த்தால் பரிசை நம்பிக் கிளம்புகிற ஆட்டம் இது இல்லை.

பெட்டோனைப் பற்றி அளந்துதான் பேச வேண்டும். 1954-இல் சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவில் பால் போங்னி வடிவமைத்த தளத்திலிருந்து வந்த வகை. 12 மீட்டர் நீளக் கான்கிரீட் தடங்கள், மேலே ஏறி நடக்கலாம், முதல் அடி தவறினாலும் பந்து நின்ற இடத்திலிருந்து ஆட இடமுண்டு. நான் கொஞ்சம்தான் ஆடியிருக்கிறேன். தரை அந்தந்த இடத்திலேயே வார்த்தது என்பதால் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பிடிவாதம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. பந்துப் பெட்டி இதற்கும் வேண்டும்.

ஒரே ஊரில் ஐந்தாறு வருடம் இருக்கப் போகிறீர்கள், சைக்கிள் தூரத்தில் கிளப் இருக்கிறது, வீட்டில் வெயில் படாத ஒரு அலமாரி காலியாக இருக்கிறது என்றால் என் கணக்கு மாறும். அப்போது எட்டர்னிட்டுக்கே போங்கள். புதுப் பந்து வாங்காமல், ஆட்டத்தை விடுகிற யாராவது பெரியவரிடம் முழுப் பெட்டியாகக் கேளுங்கள். நோட்டையும் சேர்த்து.