பேட்ஜ் இல்லாத ஃபைபர் ஜாஸ்: பத்து மாதம் வாசித்த பிறகு

எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்தில் பாதிப் பேர் டிரம் செட்டை இன்னமும் ஜாஸ் என்றுதான் சொல்வார்கள். போன ஐப்பசியில் மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு நாள், மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டில் பழைய ஜாஸ் சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். அந்த மாமியின் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தவராம், எந்தத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு வந்தார் என்று மாமிக்கு ஞாபகமில்லை. விறகுப் புரையில் சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். காலால் மிதித்து அடிக்கிற 22 அங்குல பேஸ், மேலே மாட்டுகிற 13 அங்குல டாம், தரையில் நிற்கிற 16 அங்குல ஃப்ளோர் டாம், அவ்வளவுதான், அடியில் கம்பி வைத்த ஸ்நேர் டிரம் கிடையாது. கம்பெனி பெயர் போட்ட பேட்ஜ் இருந்த இடத்தில் ஓட்டை மட்டும்.

ஓடு ஒழுகி சாக்கெல்லாம் பூசணம், தோலைப் பிடிக்கிற வளையமான ரிம்மிலும், திருகாணி மாட்டுகிற லக்கிலும் துரு. சரி, கிளம்பலாம் என்று நினைத்தபோதுதான் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். மரம் இல்லை. நூல் நூலாகப் பாய் விரித்தது போல ஃபைபர் கண்ணாடி இழை. டாமின் ஹெட்டை, அதாவது அடிக்கிற தோலைக் கழற்றி, மாமியிடம் கேட்டுக்கொண்டு அடுக்களை கிரானைட் மேல் கவிழ்த்து வைத்தேன். கொஞ்சம்கூட ஆடவில்லை, விளிம்புக்கு அடியில் ஒரு தாளை நுழைக்க முடியவில்லை. அத்தனை வருடம் ஒழுகல் புரையில் கிடந்த மர ஷெல்லாக, அதாவது மரத்தில் செய்த உருளையாக இருந்தால் பிளை அடுக்கு பிரிந்து, வட்டம் கோணி, கரையான் வேறு பங்கு கேட்டிருக்கும். 18,000 சொன்னார், 15,000த்துக்கு முடித்தோம்.

ஃபைபர் டிரம் என்றால் ஏதோ பிளாஸ்டிக் பொம்மை என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு சின்னக் கதை. 1960களின் நடுவில் நியூயார்க்கில் பாப் கிராசோவும் ஜான் மொரேனாவும் ஃபைப்ஸ் என்ற பெயரில் ஃபைபர் ஷெல் டிரம் செய்ய ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் பெரிய ஜாஸ் டிரம்மர் பட்டி ரிச் சில காலம் அவர்களுடைய ஸ்நேரை வாசித்திருக்கிறார். 1970ல் அந்தக் கம்பெனியை வாங்கியது யார் தெரியுமா, மார்ட்டின் கிடார்காரர்கள். கலிஃபோர்னியாவில் பிளேமையர் என்ற கம்பெனி, கொம்பு மாதிரி வாயை முன்பக்கம் வளைத்து ரோஜர் நார்த் செய்த நார்த் டிரம்ஸ், இதெல்லாம் 1970களின் சரக்கு. ஜப்பான் கம்பெனி பேர்ல்கூட அந்த நாளில் மர ஷெல்லுக்கு உள்ளே ஃபைபர் ஒட்டி விற்றது. இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்று பேட்ஜில் இருந்திருந்தால் சேகரிப்பாளர்கள் தேடி வந்திருப்பார்கள், 15,000த்துக்கு என் கைக்கு வந்திருக்காது. ஓட்டைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பேஸ் டிரம்மைத் தாங்குகிற கால் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு விரிசல் கண்ணில் பட்டது. ஊருக்குள் டிரம் ரிப்பேர் செய்கிற ஆள் யாரும் இல்லை. ஆனால் ஃபைபர் ரிப்பேருக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? நேராகக் குளச்சல் பக்கம் ஃபைபர் வள்ளம் சரிசெய்கிற அண்ணன் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஒரு ரூபாய் நாணயத்தால் ஷெல் முழுக்கச் சுற்றிச் சுற்றித் தட்டினார். டணார் என்று கேட்டால் நல்ல இடம், மொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. பழைய ஃபைபர் டிரம் வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு நாணயம் வைத்துக்கொள்ளுங்கள், வேறு மீட்டர் தேவையில்லை.

“தம்பி, வள்ளம்னா தண்ணி உள்ள ஏறாம இருக்கணும். இதுல என்ன ஏறாம இருக்கணும்?” என்று கேட்டார்.

“ஒண்ணும் வேண்டாம் அண்ணே, சத்தம் வெளிய போனா போதும்.”

உள்பக்கம் தேய்த்து, கண்ணாடி இழை மேட் வெட்டிப் போட்டு ரெசின் தடவினார். மூன்று அடுக்கு போடுகிறேன் என்றார், நான் இரண்டோடு நிறுத்தச் சொன்னேன், ஏனென்றால் ஒரு பக்கம் மட்டும் தடித்துப் போனால் அதிர்வு மாறிவிடும். கூலி 1,200. இப்போது அந்த இடத்தில் தட்டினாலும் மற்ற இடத்தில் தட்டினாலும் என் காதுக்கு ஒரே சத்தம்.

பெரிய தலைவலி டென்ஷன் ராடுகள், அதாவது ஹெட்டை இறுக்குகிற நீளத் திருகாணிகள். ஃப்ளோர் டாமில் இரண்டு இல்லை. எல்லாம் ஒரே மரைதான் என்று ஒரு கடையில் சத்தியம் செய்யாத குறையாகக் கொடுத்தார்கள், மாட்டினால் இரண்டு சுற்றோடு இறுகிவிட்டது. பெரும்பாலான கம்பெனிகளின் மரை ஒன்றுதான் என்றாலும் சோனாரும் பழைய பிரீமியரும் வேறு. கடைசியில் லக்கையே கழற்றி நாகர்கோவிலில் ஒரு லேத்தில் கொடுத்து ராட் கடைந்து வாங்கினேன். ஹெட், ராட், ரிப்பேர் எல்லாம் சேர்த்து இன்னொரு 13,000 ஆனது.

சத்தத்துக்கு வருகிறேன். முதல் அடியிலேயே தெரிவது, இது கூச்சமில்லாத செட். மரம் நாம் அடிக்கிற அடியில் கொஞ்சத்தைக் குடித்துவிட்டு மீதியை வெளியே விடும், இந்த ஷெல் எதையும் வைத்துக்கொள்வதில்லை, குச்சி பட்டதும் அப்படியே திருப்பி வீசுகிறது. டாமை நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே டியூன் செய்தால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, நெல் மணி எண்ணுகிற மாதிரி கேட்கும். பேஸ் டிரம் நெஞ்சில் குத்திவிட்டு உடனே அடங்கும், இழுக்காது. பங்குத் திருவிழாவில் திறந்த மைதானத்தில் வாசித்தோம், பேஸுக்கு மட்டும்தான் மைக், டாம் இரண்டும் கடைசி வரிசை வரை போயிருக்கிறது. அதே செட்டை மறுவாரம் கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையுமாக இருக்கிற கோயிலுக்குள் பாடல் குழுவோடு வைத்ததும் பாடுகிறவர்கள் எல்லாரும் என்னையே முறைத்தார்கள். தப்பு என்னுடையது, பூச்சு இல்லாத தெளிவான ஹெட் போட்டிருந்தேன். மேலே பூச்சு போட்ட கோட்டட் ஹெட்டுக்கு மாற்றியதும் சத்தத்தின் முனை மழுங்கி, சேர்ந்து வாசிக்கத் தோதாக வந்துவிட்டது.

குறை என்றால் ஃப்ளோர் டாம். எவ்வளவு தளர்த்தினாலும் நல்ல மேப்பிள் மர டிரம்மில் வருகிற அந்த உருண்ட அடிச்சத்தம் வரவில்லை, இன்னும் தளர்த்தினால் தகரம் மாதிரி ஆகிறது. மெல்லிசை, குச்சிக்குப் பதில் பிரஷ் வாசிப்பு என்று போகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

இங்கே இதற்கு வேறொரு பயன் உண்டு. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம், போதாக்குறைக்கு உப்புக்காற்று. என் பழைய மர செட்டை ஆனி மாதம் டியூன் செய்தால் ஆடிக்குள் வேறு சுருதிக்குப் போய்விடும், இது பத்து மாதத்தில் பெரிதாக நகரவில்லை. ஆனால் உப்புக்காற்று ஷெல்லை விட்டுவிட்டு இரும்பைப் பிடித்துக்கொள்கிறது, வாரம் ஒரு தடவை ரிம்மைத் துடைத்து லேசாக எண்ணெய் தடவாவிட்டால் மஞ்சள் புள்ளி வந்துவிடும்.

மொத்தம் 28,000 ஆச்சு. வாசிக்க வாங்கினால் இந்தக் காசுக்கு இந்தச் சத்தம் புது செட்டில் கிடைக்காது, தைரியமாகச் சொல்வேன். விற்று லாபம் பார்க்க நினைத்தால் பேட்ஜ் உள்ளதையே தேடுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து ஒருவர் வந்து அரை மணி நேரம் ஆசை தீர வாசித்தார், ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார், அப்புறம் அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு 12,000 தருகிறேன் என்றார்.