மாரத்தானுக்கு ஐந்து நாள் முன்பு வாங்கிய வேப்பரைசர்

சென்னை மாரத்தானுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை காலையில் மூக்கு அடைத்துக்கொண்டு எழுந்தேன். பதினாறு வாரப் பயிற்சி. ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) இரண்டு தடவை 32 கிலோமீட்டர் ஓடி முடித்திருந்தேன். மார்கழிப் பனியில் விடியற்காலை ஓட்டம், வீட்டில் பள்ளிக்கூடத்துச் சளியோடு வந்த மகன். எது காரணம் என்று யோசித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அன்று மாலையே வேளச்சேரியில் எங்கள் தெரு மெடிக்கலில் 350 ரூபாய்க்கு ஒரு வேப்பரைசர், அதாவது ஆவி பிடிக்கிற மிஷின், வாங்கினேன். சாதாரண பிளாஸ்டிக் டப்பா, மேலே ஒரு மூக்குக் குவளை.

முதல் நாள் ஏமாந்தேன். குடிக்கிற ஆர்ஓ தண்ணீரை ஊற்றி பிளக்கைச் சொருகினால் பத்து நிமிஷம் ஆகியும் வெதுவெதுப்புகூட வரவில்லை. திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனேன். கடைத் தம்பி டப்பாவைத் திறந்தே பார்க்கவில்லை. "ஆர்ஓ தண்ணி ஊத்தினீங்களாக்கா? போர் தண்ணி ஊத்துங்க" என்றார்.

அவர் சொன்னது சரி. இந்த வகை மிஷினில் சூடாகிற கம்பிச்சுருள் கிடையாது. இரண்டு தகடுகளுக்கு நடுவே மின்சாரம் தண்ணீர் வழியாகவே பாய்ந்து அதைக் கொதிக்க வைக்கிறது. உப்பை எடுத்துவிட்ட தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. உப்புள்ள எங்கள் போர் தண்ணீருக்கு இரண்டே நிமிஷத்தில் ஆவி வந்தது. போர் தண்ணீர் இல்லாதவர்கள் ஒரு சிட்டிகை உப்பு போடலாம். அதற்குமேல் போட்டால் பொங்கித் தெறிக்கும். தண்ணீரிலேயே கரண்ட் இருப்பதால் பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் திறக்கவே கூடாது. இவ்வளவு முக்கியமான விஷயத்தைப் பெட்டிக்குள் இருந்த தாளில் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் மட்டும் போட்டிருந்தார்கள். எனக்குக் கோபமே வந்தது. இதைப் பெரும்பாலும் கையாளுவது வயதானவர்கள்.

மாமியாருக்கு மிஷினில் நம்பிக்கை இல்லை. "வேது பிடிக்க இது எதுக்கும்மா? நொச்சி பறிச்சுட்டு வரேன்" என்று பானையில் நொச்சியும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்தார். போர்வைக்குள் அந்த வாசனையும் வியர்வையும் தருகிற சுகத்தை மிஷின் தரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலு வயசுப் பையன் ஓடுகிற வீட்டில் கொதிக்கிற பானையைத் தரையில் வைக்க எனக்குத் தைரியமில்லை. மிஷினையும் மேஜைமேல், வயர் தொங்காமல்தான் வைக்கிறேன்.

பலன்? தூக்கம். திங்கள் இரவு இரண்டு மணி நேரம்கூடத் தூங்காதவள், புதன் இரவு படுக்கும் முன் ஐந்து நிமிஷம் ஆவி பிடித்துவிட்டு ஆறு மணி நேரம் தூங்கினேன். சளி அதனால் சீக்கிரம் போய்விடாது. அடைப்பு கொஞ்ச நேரம் விடுகிறது, அவ்வளவுதான். மாரத்தான் வாரத்தில் அந்தத் தூக்கமே பெரிசு என்பேன்.

வியாழன் காலை எழுந்தவுடன் நாடித்துடிப்பு 66. எனக்கு வழக்கமாக 54. மூக்கு லேசாகியிருந்ததால் அதைப் பொருட்படுத்தவில்லை. மாலைக்குள் உடம்பெல்லாம் வலி, நெஞ்சில் இருமல், காய்ச்சல் 101. டாக்டரிடம், "பாராசிட்டமால் போட்டுட்டு ஓடலாமா?" என்று கேட்டேன். "மாத்திரை சூட்டைக் குறைக்கும்மா, கிருமி உள்ளதான் இருக்கும். காய்ச்சலோட ஓடினா இதயத் தசையில வீக்கம் வரலாம்" என்றார். வெறும் மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு என்றால் வேகத்தைக் குறைத்து ஓடிப் பார்க்கலாம், கழுத்துக்குக் கீழே இறங்கினால் கூடாது என்பது ஓடுகிறவர்கள் எல்லோரும் சொல்லிக்கொள்வது. எனக்கு இறங்கிவிட்டது.

ஓடவில்லை. ஞாயிறு விடியுமுன், ஓட்டம் தொடங்குகிற நேப்பியர் பாலத்தில் நின்றிருக்க வேண்டியவள் கட்டிலில் அழுதுகொண்டிருந்தேன்.

ஆகவே வேப்பரைசர் வாங்குங்கள், கூடவே ஒரு தெர்மாமீட்டரும் வாங்குங்கள். ஓடலாமா என்று மூக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அடைப்பு விட்டவுடன் உடம்பு சரியாகிவிட்டது என்று நானே புதன் இரவு நம்பினேன்.

ஒரு வாரத்தில் தகடுகளில் வெள்ளையாக உப்புப் படிந்துவிட்டது. எலுமிச்சைச் சாறில் ஊறவைத்துத் தேய்த்தால் போகிறது. இருமல் நின்று, மூன்றாவது வாரம் ஐந்து கிலோமீட்டர் மெதுவாக ஓடிவிட்டு வந்து மிஷினைக் கழுவிக் கவிழ்த்தேன்.